வயர்ல கனெக்ட் பண்ணியும் நெட் ஸ்லோவா? 94-லயே நிக்குதா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

வைஃபையில் ஸ்பீடு குறைந்தால் சுவரைக் குறை சொல்லலாம், பக்கத்து வீட்டு ரவுட்டரைக் குறை சொல்லலாம். ஆனால் கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகிய பிறகும் நெட் சுத்திக்கிட்டே இருந்தால்? பெரும்பாலானோர் அடுத்து செய்வது, கம்பெனிக்குப் போன் போட்டு அதைவிடப் பெரிய பிளானுக்கு மாறுவதுதான். மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகும். ஸ்பீடு மட்டும் அதே இடத்தில் நிற்கும். பல வீடுகளில் கோளாறு இருப்பது ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓடும் சில மீட்டர் வயரில். அதை எந்த பிளானும் சரிசெய்யாது.

தென்காசிக்கு ஏன் இது பெரிய விஷயம்?

2019 நவம்பர் 22-ம் தேதி நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தென்காசி. அதற்கு முன்பே இங்குள்ள மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்துவிட்டது. 2016-ல் வெளியான 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் இங்கே உருவானதுதான். அமெரிக்காவிலிருந்து திரும்பி இந்தக் கிராமத்திலேயே குடியேறிய ஸ்ரீதர் வேம்புவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 2020 கொரோனா ஊரடங்குக்குப் பிறகு சென்னை, பெங்களூரு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் சொந்த ஊரிலிருந்தே லேப்டாப்பைத் திறக்கும் பழக்கம் வந்துவிட்டது. இலஞ்சியிலோ பாவூர்சத்திரத்திலோ மாடி ரூமில் உட்கார்ந்து மீட்டிங் பேசுபவருக்கு வீட்டு நெட்தான் ஆபீஸ். இன்டர்வியூ நடுவில் படம் உறைந்து நின்றால் போவது வேலை.

குற்றாலத்துக் கதை வேறு. ஜூன் மாதம் சாரல் ஆரம்பித்துவிட்டால் காட்டேஜ், லாட்ஜ் எல்லாம் நிறையும். ஆன்லைன் புக்கிங், யுபிஐ, சிசிடிவி, ரூமில் தங்குபவர்களின் போன், டிவி என எல்லாமே ஒரே இணைப்பில் தொங்கும். சீசனில் நெட் படுத்தால் நேரடியாக வியாபாரத்தில் அடி.

முதல்ல ஒரு கணக்கு

பிளானில் போட்டிருக்கும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகா'பிட்'. பைல் டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகா'பைட்'. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 11, 12 எம்பி வேகத்தில் டவுன்லோடு ஆனால் லைன் சூப்பராக இருக்கிறது என்று அர்த்தம். "100-க்கு காசு கட்டினா 12 தான் வருது" என்று கஸ்டமர் கேரில் சண்டை போடுவதற்கு முன் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

94 என்ற நம்பர் சொல்லும் ரகசியம்

200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான். வைஃபையில் போனை வைத்து டெஸ்ட் பண்ணினால் 180, 250 என்று காட்டுகிறது. அதே ரவுட்டரில் கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் 93, 94, 95... அதற்கு மேல் ஏறவே இல்லை. காலையிலும் அதே எண், ராத்திரியிலும் அதே எண். இப்படி ஆணி அடித்த மாதிரி நின்றால் கம்பெனிக்குப் போன் போட வேண்டாம். அது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் சிக்கல்.

கேபிளின் இரு முனையிலும் இருக்கும் கருவிகள், சொருகிய உடனே ஒன்றோடு ஒன்று பேசி, "நாம எந்த வேகத்துல ஓடலாம்?" என்று முடிவு செய்துகொள்ளும். இரண்டும் கிகாபிட் தாங்கும் என்றால் 1000 எம்பிபிஎஸ். ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்றால் 100-க்கு இறங்கிவிடும். அந்த 100-லும் தகவலுக்கு மேல் ஒட்டும் முகவரி, சரிபார்ப்பு போன்ற கூடுதல் பிட்டுகள் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கும். மிச்சம் கையில் கிடைப்பதுதான் சுமார் 94. ஸ்பீடு 9 எம்பிபிஎஸ் பக்கத்தில் நின்றால் லிங்க் 10-க்கே இறங்கிவிட்டது என்று பொருள். (பிளானே 100 எம்பிபிஎஸ் என்றால் 94 வருவது முழு மார்க்தான். பதற வேண்டாம்.)

இதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்யலாம். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட் என்று திறந்தால் 'லிங்க் ஸ்பீடு' என்ற வரி இருக்கும். 1000/1000 என்றால் கேபிள் பக்கம் பிரச்சினை இல்லை. 100/100 என்றால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

எட்டு கம்பியில் ஒன்று போனாலும் போச்சு

லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டு இரண்டாக முறுக்கி நான்கு ஜோடியாக இருக்கும். 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும். 1, 2, 3, 6-ம் நம்பர் கம்பிகள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இதனால்தான் ஒரு விநோதம் நடக்கிறது. 4, 5, 7, 8-ல் ஒரு கம்பி விட்டுப்போனாலும் நெட் நிற்காது, லைட் எரியும், யூடியூப் ஓடும். ஸ்பீடு மட்டும் சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்காகிவிடும். வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே ஓடும் வீடுகள் உண்டு.

கம்பி ஏன் விடுகிறது? முதல் சந்தேகம் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் ஜாக் மீது. கிரிம்பிங் சரியில்லை என்றால் ஒரு கம்பி உள்ளே முழுதாகப் போய் உட்காராது. இரண்டாவது, கேபிளின் தரம். விலை குறைவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் இருப்பது முழுச் செம்பு கிடையாது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. இரண்டு தடவை மடக்கினால் உள்ளேயே முறியும். மூன்றாவது, நம்ம ஊர் ஸ்பெஷல். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, அதோடு மாதக்கணக்கில் ஓயாத சாரல். மொட்டை மாடி வழியாகத் தொங்கவிட்ட கேபிள் ஆடி ஆடி முனையில் இழுபடும், ஜாக்கின் உலோகப் பற்களில் ஈரம் ஏறிப் பச்சை பிடிக்கும். குற்றாலம் பக்கம் என்றால் குரங்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொங்குகிற வயர் அவற்றுக்கு ஊஞ்சல்.

இன்னொன்று காட்டேஜ்காரர்கள் கவனிக்க வேண்டியது. சிசிடிவி கேமராவுக்கு அதே லேன் கேபிளிலேயே கரண்டும் அனுப்ப, விலை குறைந்த ஸ்பிளிட்டர் போடுவார்கள். அது இரண்டு ஜோடியைக் கரண்டுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு ஜோடி. அந்த லைனில் 100-க்கு மேல் வர வழியே இல்லை. ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு ரூமுக்குக் கொடுக்கும் 'ஐடியா'வும் இதே ரகம்தான்.

என்ன செய்யலாம்? ரவுட்டரோடு வந்த சின்ன கேபிளை, அல்லது நண்பர் வீட்டில் நன்றாக ஓடும் கேபிளை வாங்கிவந்து, லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துச் சொருகிப் பாருங்கள். லிங்க் ஸ்பீடு 1000-க்கு ஏறினால் வழக்கு முடிந்தது, பழைய கேபிள்தான் குற்றவாளி. சுவருக்குள் ஓடும் கேபிள் என்றால் உடனே தோண்ட வேண்டாம். முதலில் இரு முனையையும் வெட்டிப் புது ஜாக் அடித்துப் பார்க்கலாம். வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் டெஸ்டர் இருக்கும். எட்டு லைட்டும் வரிசையாக எரிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குவதானால் கடைக்கார அண்ணாச்சியிடம் "லேன் வயர் குடுங்க" என்று மட்டும் கேட்காமல், 'கேட்-5இ' அல்லது 'கேட்-6', முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். கேபிள் மேலேயே ரகம் அச்சடித்திருக்கும். இரண்டுமே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். வீட்டுக்கு கேட்-5இ தாராளம். 'கேட்-8' என்று ஆன்லைனில் விற்கும் தங்க முலாம் சமாச்சாரத்துக்கெல்லாம் காசு கொட்டத் தேவையே இல்லை. வெளியே வெயில், மழையில் ஓடும் கேபிளுக்கு மட்டும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் ரகம் வேண்டும். கரண்டு வயர் போகும் அதே பைப்புக்குள் லேன் கேபிளை நுழைக்கக் கூடாது. சிக்னலில் இரைச்சல் வரும் என்பது ஒரு பக்கம், ஷாக் ஆபத்து இன்னொரு பக்கம்.

கேபிள் நல்லா இருக்கு, அப்பவும் 100 தானா?

அப்படியானால் போர்ட்டைப் பார்க்க வேண்டும். ஃபைபர் கம்பெனிகள் தரும் சில பெட்டிகளில் பின்னால் இரண்டு, நான்கு ஓட்டை இருந்தாலும் ஒன்றுதான் கிகாபிட். மற்றவை 100 எம்பிபிஎஸ். பெட்டியில் 'ஜிஇ' என்று எழுதியிருப்பது கிகாபிட், 'எஃப்இ' என்பது 100. கேபிளை ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு மாற்றினாலே சில வீடுகளில் வேலை முடிந்துவிடும்! பைசா செலவில்லை.

கடையில் தனியாக வாங்கிய ரவுட்டரிலும் இதே பொறி இருக்கிறது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '1200' என்று போட்டிருக்கும். அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிச் சொல்லும் எண். பின்பக்கம் பொடி எழுத்தில் லேன் போர்ட் '10/100' என்று இருந்தால், 300 எம்பிபிஎஸ் பிளானை வாங்கி 100-ல் வடிகட்டுகிறீர்கள். '10/100/1000' என்று இருக்க வேண்டும். நடுவில் பழைய சுவிட்ச் பெட்டி, லேப்டாப்பில் போடும் யுஎஸ்பி லேன் அடாப்டர் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

ஸ்மார்ட் டிவி தனி ரகம். பல டிவிகளில் கம்பெனியே 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்தான் வைத்திருக்கிறது. டிவியில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு 94 வந்ததே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்.

லிங்க் 1000 காட்டுது, ஆனா நெட் இழுக்க மாட்டேங்குதே!

இங்கேதான் வீட்டையும் கம்பெனியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்ணைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். வயர் இணைப்பில் பதில் 1 மில்லி செகண்டுக்குள் வர வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது. இங்கேயே 'டைம் அவுட்' வந்தால் கோளாறு கேபிளிலோ, லேன் கார்டிலோ, ரவுட்டரிலோ. அடுத்து 8.8.8.8 என்ற கூகுள் எண்ணுக்கு அதையே செய்யுங்கள். ரவுட்டர் வரை ஒழுங்காகப் போய், இதில் மட்டும் தடுமாறினால் பந்து கம்பெனி பக்கம்.

அதற்குள் கம்பெனியைப் பிடித்துவிட வேண்டாம். அப்லோடு அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. போனில் எடுத்த கல்யாண வீடியோ பின்னணியில் கூகுள் போட்டோஸில் ஏறிக்கொண்டிருக்கும், நான்கு கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். டவுன்லோடு ஆகும் ஒவ்வொரு பகுதிக்கும் "கிடைச்சது" என்று உங்கள் கம்ப்யூட்டர் பதில் அனுப்ப வேண்டும். போகும் பாதை ஜாம் ஆனால் அந்தப் பதில் தாமதமாகும், வரும் பாதையும் தானாக மந்தமாகும். மதுரை ரோட்டில் ஒரு பக்கம் லாரி மறித்தால் எதிர்ப்பக்கமும் நிற்பது மாதிரி. எல்லாப் போனின் வைஃபையையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, கேமரா பெட்டியின் கேபிளைக் கழற்றிவிட்டு டெஸ்ட் செய்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஆபீஸ் லேப்டாப் என்றால் விபிஎன்-ஐ ஆஃப் செய்து ஒரு தடவை, ஆன் செய்து ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பேச வேண்டியது ஆபீஸ் ஐடி டீமிடம்.

லேன் கார்டின் டிரைவர் பழசாக இருப்பது, 'கிரீன் ஈதர்நெட்' என்ற மின்சிக்கன வசதி வேகத்தைக் குறைப்பது, யாரோ 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' செட்டிங்கை ஆட்டோவிலிருந்து மாற்றிவைத்தது எல்லாம் அரிதாக நடக்கும் காரணங்கள். மற்றது எதுவும் சரிவராதபோது பார்த்தால் போதும்.

மழை பெஞ்சா ஃபைபர் ஸ்லோ ஆகுமா?

கண்ணாடி இழைக்குள் போவது ஒளி. அதை மழை நேரடியாக எதுவும் செய்யாது. பழைய டெலிபோன் செம்பு லைனில்தான் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் 'கரகர' சத்தமும் ஸ்பீடு சரிவும் வரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப்போகப் போக வேகம் குறைவதும் அந்த லைனில்தான். ஃபைபருக்கு எதிரி வளைவும் இழுபடுதலும். காற்றில் கிளை விழுந்து இழுத்தாலோ, ஜன்னல் சந்தில் 'எல்' மாதிரி மடக்கி நசுக்கியிருந்தாலோ ஒளி கசியும். பெட்டியில் 'லாஸ்' என்ற லைட் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவே இல்லை என்று அர்த்தம், வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. சிவப்பு எரியாமல் நெட் விட்டு விட்டு வந்தால், டெக்னீஷியன் வரும்போது ஒளியின் அளவு என்ன என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம் என்பது கடைசி விளிம்பு. மைனஸ் 20 ஒட்டி இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டி 26, 27 என்று போனால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை. ஃபைபர் முனையை நீங்களே கழற்றி உற்றுப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அது.

ஆனால் இடி விஷயம் வேறு. ஃபைபர் பெட்டிக்கும் கரண்டு வயர் உண்டு, லேன் கேபிளும் உலோகம். சில இடங்களில் கேபிள் ஆபரேட்டர்கள் கம்பத்துப் பெட்டி வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் வயரையே இழுத்துவிடுவார்கள். பக்கத்தில் மின்னல் இறங்கினால் போர்ட் கருகும். முழுதாகச் செத்தால்கூடத் தெரிந்துவிடும். அரைகுறையாக அடிபட்டால் 1000 ஓடிய போர்ட் மறுநாள் முதல் 100 அல்லது 10 என்று நொண்டும். "நேத்து இடிக்கு அப்புறம்தான் இப்படி" என்றால் வேறு ஓட்டையில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடி இடிக்கும்போது அடாப்டர் பிளக்கையும் வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றிவைப்பதுதான் உருப்படியான பாதுகாப்பு.

ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் படுக்குதா?

காலையில் 190, ராத்திரி 30 என்றால் அது கூட்ட நெரிசல். வீடுகளுக்கு வரும் ஜிபான் ஃபைபரில் ஒரே இழையின் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை ஸ்பிளிட்டர் வைத்து 32, 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். எல்லோரும் ஒரே நேரம் பயன்படுத்தமாட்டார்கள் என்ற கணக்கில்தான் இந்த ஏற்பாடு. ஆபரேட்டர் மேலே வாங்கும் லைனே சிறியதாக இருந்தால் நெரிசல் இன்னும் மோசம். மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோ என்றால் வேறு கணக்கு: 'அன்லிமிடெட்' பிளானிலும் ஒரு டேட்டா அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைப்பார்கள். அந்த அளவையும் அதற்குப் பிந்தைய வேகத்தையும் வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ட்ராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. எது பிராட்பேண்ட் என்பதற்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் 2023-ல்தான் 512 கேபிபிஎஸ்-லிருந்து 2 எம்பிபிஎஸ் ஆனது. எனவே அந்தக் குறைந்தபட்ச அளவை வைத்து வாதாட முடியாது. உங்கள் பிளானில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பிடி.

புகார் எப்படிக் கொடுப்பது?

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற பதில்தான் வரும். மூன்று நாள், காலை 6 மணி, மதியம், இரவு 9 மணிக்கு, கம்பெனி பெட்டியில் நேரடியாகக் கேபிள் போட்டு எடுத்த ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டும் படம் ஒன்று. வீட்டில் கோளாறு இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கஸ்டமர் கேரில் புகார் பதிந்ததும் டாக்கெட் நம்பர் தர வேண்டும், அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தெரு ஆபரேட்டரிடம் வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. தீர்வு கிடைக்கவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ட்ராயின் 2012 விதிப்படி 39 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். அதன் பிறகும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்ற வரையறைக்குள் தொலைத்தொடர்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே போகும்போது டாக்கெட் நம்பர், கட்டிய பில், அந்த ஒன்பது ஸ்கிரீன்ஷாட்டுகள் மூன்றும் கையில் இருக்கட்டும்.